மார்செலின் என்றொரு பறவை

அரியாங்குப்பம் மாதா கோயில் பங்கு ஜனத்துக்குள் “மிக்கேல்” என்று குரல் கொடுத்தால் ஒரு பெஞ்சு முழுக்கத் திரும்பிப் பார்க்கும். புனிதர்கள் பேர் கொஞ்சம்தான், பிள்ளைகள் நிறைய, வேறென்ன செய்வது? அதனால் அங்கே ஓர் அடையாளத்தை ஒட்டித்தான் ஆளைச் சொல்வார்கள். காது கிழிந்த ஆரோக்கியம், தேங்காய்க்கொண்டை ஆரோக்கியம், கோணக்கழுத்து மார்ட்டின், மூச்சிரைக்கிற மார்ட்டின். அடையாளம் ஊருக்கெல்லாம் தெரியும், உடையவருக்கு மட்டும் தெரியாது. தெரியாமல் பார்த்துக்கொள்வதுதான் மரியாதை. கலியாணப் பந்தியில் தோளோடு தோள் இடித்துக்கொண்டு உட்கார்ந்து சாப்பிடுவார்கள். கை கழுவப் போன இடத்தில் அடையாளத்தைச் சொல்லிச் சிரித்துவிட்டுத் திரும்பி வந்து பாயசம் குடிப்பார்கள்.

ஜெர்மேன் இந்த வித்தையில் கெட்டிக்காரி. அவளுடைய அப்பா நெல்லித்தோப்புக்காரர். அவரைப் பெற்றவர் பிரெஞ்சுக்காரன் காலத்தில் மேரியில், அதாவது நகராட்சி ஆபீசில், சேவகம் பார்த்தவர். எந்தத் துரைசானியின் நினைப்போ, பேத்தி பிறந்தால் ஜெர்மேன் என்று வையுங்கள் என்று சொல்லிவிட்டுச் செத்தார். துரைசானியிடமிருந்து பேரோடு கூட இன்னொன்றும் வந்துவிட்டது என்று ஜெர்மேனின் மாமியார் சொல்லிக்கொண்டே இருப்பாள். எதைப் பார்த்தாலும் மூக்கைச் சுளிப்பது.

அது பொய்யில்லை. அடுத்த வீட்டு டம்ளரில் ஜெர்மேன் வாய் வைக்க மாட்டாள். காபி கொடுத்தால் “இப்பத்தான் குடிச்சேன்” என்பாள். கலியாணமாகி வந்த புதிதில் மாமியார் கழுவிக் கவிழ்த்த பாத்திரத்தையெல்லாம் எடுத்து மறுபடி கழுவினாள். அந்தச் சத்தம் கேட்டுத்தான் வீட்டில் முதல் சண்டை. புருஷன் மிக்கேலுக்கு முதலியார்பேட்டையில் டூவீலர் பட்டறை. நல்ல மனுஷன், வாய் அதிகம் பேசாது. ஆனால் கிரீஸ் கையோடு வாசல் தாண்டக்கூடாது. வெளியே குழாயடியில் சோப்புத் தூள் போட்டுத் தேய்த்து, நகக்கண்ணைக் காட்டி, அப்புறம்தான் உள்ளே. பெரிய மார்க்கெட்டில் மீன் வாங்கப் போனால் முந்தானையால் மூக்கைக் கட்டிக்கொண்டு போவாள். இப்படி ஒருத்திக்குக் கடவுள் கொடுத்த வேலையைப் பாருங்கள்.

முன்னால் புதுச்சேரி மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் ஒரு பிளாஸ்டிக் கம்பெனியில் மூடி பொறுக்குகிற வேலையில் இருந்தாள். ஓடுகிற பட்டையில் பாட்டில் மூடிகள் வரும். கோணல், பிசிறு, நிறம் வெளுத்தது எல்லாவற்றையும் கண்ணாலேயே பிரித்துத் தள்ள வேண்டும். கம்பெனியை மூடிவிட்டார்கள். அதே தெருவில் ஒரு மாடியில் கம்ப்யூட்டரில் படம் பார்த்துப் பிரிக்கிற வேலை இருக்கிறது, பெரிய படிப்பு வேண்டாம், கண் இருந்தால் போதும் என்று கூட வேலை பார்த்த பெனிஷா சொல்லி இழுத்துக்கொண்டு போனாள்.

வேலை என்னவென்றால், ஆப்பிரிக்காவின் தென்கோடியில், தென்னாப்பிரிக்கா, போட்ஸ்வானா, நமீபியா என்று சொல்கிற தேசங்களில், காட்டுக்குள் மரத்தில் கேமராவைக் கட்டி வைத்திருக்கிறார்கள். தண்ணிக்குட்டை பக்கம் ஒன்று, செத்த மிருகம் கிடக்கிற இடத்தில் ஒன்று. எது அசைந்தாலும் அது படம் எடுத்துவிடும். படம் புதுச்சேரிக்கு வரும். படத்தில் இருக்கிற பறவையைச் சுற்றிக் கட்டம் போட்டு, அது இன்ன பறவை என்று பக்கத்தில் இருக்கிற பேரைத் தொட வேண்டும். ஒரே படம் ரெண்டு பேருக்குப் போகும். ரெண்டு பேரும் ஒரே பேரைத் தொட்டால் சரி. மாற்றித் தொட்டால் அவர்கள் உட்கார்ந்திருக்கிற வரிசையில் எல்லோருக்கும் மார்க் குறையும்.

ஜெர்மேன் கிளி வரும், மயில் மாதிரி ஏதாவது வரும் என்று நினைத்துக்கொண்டு போனாள். முதல் நாள் திறந்த முதல் படத்தில் ஒரு யானை செத்துக் கிடந்தது. வயிறு ஊதி, தோல் வெடித்து, பின்பக்கத்துத் துளைக்குள்ளே ஒரு கழுகு கழுத்துவரைக்கும் தலையை விட்டிருந்தது. பக்கத்தில் இன்னொன்று தலையை வெளியே எடுத்து நின்றது. அதன் முகமெல்லாம் ஈரம்.

அன்றைக்கு டிபன் பாக்ஸ் திறக்கப்படாமல் வீட்டுக்கு வந்தது. வரிசையைப் பார்த்துக்கொள்கிற ராஜவேல், “அக்கா, படம்தானக்கா, நாத்தமா வருது?” என்று சிரித்தான். வருகிறது என்று சொன்னாள். அவளுக்கு உண்மையிலேயே வந்தது. காட்டெருமையின் புண்ணைக் கொத்திக் கொத்தி ஆறவிடாமல் ரத்தம் குடிக்கிற சின்னக் குருவி ஒன்று உண்டு. செவப்பு மூக்கில் ஒரு சாதி, மஞ்சள் மூக்கில் நுனி மட்டும் செவந்த ஒரு சாதி. மூக்கின் நிறத்தைப் பார்க்கப் படத்தைப் பெரிசாக்கினால் கூடவே புண்ணும் பெரிசாகும். அந்தப் புண்ணுக்குள் ஈ உட்கார்ந்திருப்பது வரைக்கும் தெரியும். மத்தியானம் ரசத்தில் தக்காளி விதை மிதந்தால் அவளுக்கு அதுதான் ஞாபகம் வரும். ரசம் வைப்பதையே கொஞ்ச நாள் விட்டாள். நின்றுவிடலாம் என்று மிக்கேலிடம் சொன்னாள். மகள் மெரினுக்கு நர்சிங் கடைசி வருஷம். அதனால் நிற்க முடியவில்லை.

அருவருப்பு ஒரு பக்கம், பறவைகளைப் பிரிப்பது இன்னொரு பாடு. கழுகு என்றால் ஒரு கழுகா? எல்லாம் மொட்டைத் தலை, எல்லாம் பழுப்பு, எல்லாவற்றுக்கும் வாயெல்லாம் வழுக்கல். பெனிஷா இங்கிலீஷ் பேரைப் பாடம் பண்ணினாள். ஜெர்மேனுக்கு அது ஏறவில்லை. ஒரு நாள் காதோரம் தோல் மடிப்பு மடிப்பாகச் செவந்து தொங்கும் பெரிய கழுகு ஒன்றைப் பார்த்தாள். பார்த்ததும் வாயில் வந்துவிட்டது. “காது கிழிஞ்ச ஆரோக்கியம் சித்தி.”

அவ்வளவுதான். பத்து மிக்கேலைப் பிரிக்கத் தெரிந்தவளுக்குப் பத்துக் கழுகைப் பிரிப்பது என்ன பெரிய காரியம்? ஊரையே கொண்டுபோய் ஆப்பிரிக்காவில் இறக்கினாள். பழுப்பு நிறத்தில், கொண்டை பின்னாலே நீட்டிக்கொண்டு சுத்தியல் மாதிரித் தலை இருக்கிற நீர்ப்பறவை தேங்காய்க்கொண்டை ஆரோக்கியம். கறுப்பு அங்கிக்குள் வெள்ளைப் பனியன் போட்டது போல மார் வெளுத்த காக்காய் கோயில் உபதேசியார். முழங்கால் வரைக்கும் கறுப்புக் கால்சட்டை, பிடரியில் பேனா பேனாவாகச் சொருகின இறகு, புல்லில் நிமிர்ந்து நடந்து பாம்பை மிதித்தே கொல்கிற நெட்டைப் பறவை மிக்கேலின் பெரியப்பா. அவர் பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாக இருந்து பென்ஷன் வாங்கினவர், கடற்கரையில் அப்படித்தான் நடப்பார். தரையில் நடக்கிற கறுப்பு இருவாச்சியில் தொண்டை முழுக்கச் செவப்பு என்றால் ஆண், செவப்புக்கு நடுவே ஊதாத் திட்டு இருந்தால் பெண். அது கோணக்கழுத்து மார்ட்டினும் அவர் சம்சாரமும்.

வரிசையில் எல்லோரும் இதைப் பிடித்துக்கொண்டார்கள். இங்கிலீஷ் பேர் மறக்கும், ஆரோக்கியம் சித்தி மறக்க மாட்டாள். மார்க் ஏறியது. ராஜவேலும் கண்டுகொள்ளவில்லை.

இதில் ஒரு பறவை. நாரைச் சாதி, ஆள் உயரம். குப்பைமேட்டில் நிற்கும், பிணத்தின் பக்கத்தில் நிற்கும், கழுகுகள் தின்று முடிக்கிறவரைக்கும் பொறுமையாகக் கூன் போட்டு நின்று எது சிதறுகிறதோ அதைப் பொறுக்கும். மண்டையில் மயிர் இல்லை, அங்கங்கே நாலு முடி. கழுத்தில் வெந்த தோல் மாதிரி ஒரு பை தொங்கும். முதுகில் கறுப்புப் போர்வை, முன்னாலே வெள்ளை. கால் வெள்ளை வெளேரென்று இருக்கும். நிஜத்தில் அது வெள்ளைக் கால் இல்லை. வெயில் சூட்டுக்குத் தன் காலிலேயே பேண்டுகொள்ளும், அது காய்ந்து வெள்ளையடித்தது போல நிற்கும். இதை ராஜவேல் படித்துச் சொன்ன அன்று ஜெர்மேன் எழுந்துபோய் முகம் கழுவிக்கொண்டு வந்தாள். வந்து உட்கார்ந்து, படத்தை இன்னொரு தரம் பார்த்து, சொன்னாள்: “இது மார்செலின்.”

மார்செலின் யார் என்றால், மிக்கேலுடைய சித்தப்பா மகள். ஜெர்மேனுக்கு ஒன்றுவிட்ட நாத்தனார், அண்ணி முறை. முதலியார்பேட்டையில் வீடு. புருஷன் சொல்தா, அவனோடு பாரீஸ் பக்கம் ரொம்ப வருஷம் இருந்துவிட்டு, அவன் போனபின் மகன் ஜோசப் ஆனந்தோடு திரும்பி வந்தவள். தலையில் முடி கொட்டி மண்டை தெரியும். கழுத்தில் தைராய்டு வீக்கம். கறுப்புச் சால்வை, வெள்ளை ரவிக்கை, புடவைக்குக் கீழே முழங்கால் வரைக்கும் வெள்ளைக் காலுறை. எந்த விருந்துக்கு வந்தாலும் கைப்பையில் பிளாஸ்டிக் பைகளை மடித்து வைத்திருப்பாள். பந்தி முடிகிறவரைக்கும் சமையல்கட்டு வாசலில் நின்று, மிச்சம் மீதியை எல்லாம் வாங்கிக்கொண்டு போவாள். ஆட்டுக்கறியும் கத்திரிக்காயும் பருப்பும் ரசமும் எல்லாம் ஒரே பையில். அதை ஒரே சட்டியில் கொட்டிக் கொதிக்க வைத்து நாள் கணக்கில் சுட வைத்துச் சுட வைத்துச் சாப்பிடுவாள் என்று கேள்வி. நினைக்கும்போதே ஜெர்மேனுக்கு நாக்கின் அடியில் தண்ணீர் ஊறும்.

அந்தச் சமயத்தில் மார்செலின் எப்போதோ விருந்தில் பார்க்கிற தூரத்துச் சொந்தம். சம்பந்தி ஆவாள் என்று யார் கண்டது?

மெரினுக்கு வேலை கிடைத்த வருஷம், ஒரு சாயங்காலம் மார்செலின் வெற்றிலை பாக்கு பழத்தோடு வந்து ஜோசப் ஆனந்துக்குப் பெண் கேட்டாள். முறைதான், அத்தை மகன். பையன் நல்ல பையன், குடி இல்லை. மிக்கேலுக்குச் சந்தோஷம். ஜெர்மேன் அன்றைக்கு மார்செலின் உட்கார்ந்திருந்த நாற்காலியைத் துடைத்துவிட்டு, இந்த இடம் வேண்டாம் என்றாள். மெரின் அவளைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டு, அவனைத் தவிர வேறு யாரையும் கட்டிக்கொள்ள மாட்டேன் என்றாள். சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் ஜெர்மேன் பதிலுக்குப் போட்டிருப்பாள். அந்தக் குரலைக் கேட்டதும் சம்மதித்தாள்.

சம்மதித்த மறுநாளே ஆபீசில் அந்தப் பறவைக்கு மாராபு என்று ஒழுங்கான பேர் இருக்கிறதே, அதையே சொல்லலாமே என்று பார்த்தாள். யாரும் மாறவில்லை. ஏன் மாற்ற வேண்டும் என்று கேட்டால், அது சம்பந்தியாகப் போகிறவள் பேர் என்று சொல்ல அவளுக்கு வாயில்லை. ஆரோக்கியம், மார்ட்டின் என்றால் யாரோ ஆள் பேர் என்று எல்லோருக்கும் தெரியும். மார்செலின் விஷயத்தில் ஒருத்திக்கு அது தெரியாது. அவள் பக்கத்து நாற்காலியில் புதிதாகச் சேர்ந்த சரிதா. ஏம்பலத்துக்காரி, ரெண்டு பிள்ளைக்குத் தாய், வீட்டில் கரும்பு வைக்கிறவர்கள். மாதா கோயில் பக்கமே வந்ததில்லை. திரையில் வருகிற எல்லாப் பேரும் வாயில் நுழையாத பேர், அதில் இதுவும் ஒன்று என்று நினைத்துக்கொண்டாள். அடையாளங்களை மட்டும் ஜெர்மேன் சொன்னபடி ஒன்று விடாமல் பாடம் பண்ணியிருந்தாள்.

கோயிலில் கலியாண ஓலை வாசிக்க ஆரம்பித்தார்கள். மூன்று ஞாயிறு பூசையில், இன்னாருக்கும் இன்னாருக்கும் கலியாணம், தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று பங்குச் சாமியார் வாசிப்பார். ரெண்டாம் ஓலை வாசித்த ஞாயிற்றுக்கிழமை பெண் வீட்டில் மாப்பிள்ளை வீட்டாருக்குச் சாப்பாடு போடுவது வழக்கம். ஜெர்மேன் ஆபீசிலிருந்து பெனிஷாவையும் சரிதாவையும் கூப்பிட்டிருந்தாள். வரிசையில் இத்தனை நாள் கூட உட்கார்ந்தவர்களைக் கூப்பிடாமல் விட்டால் நன்றாக இருக்குமா என்ற யோசனைதான். அவள் கவனம் முழுக்கச் சாப்பாட்டின் மேலே. மிச்சமே இருக்கக்கூடாது, பை நிறையக்கூடாது என்று அளந்து சமைத்தாள். வடவம் தாளித்த கத்திரிக்காய், கோழி, மீன் வறுவல்.

மார்செலின் ஆட்டோவிலிருந்து இறங்கினாள். முதலில் ஒரு வெள்ளைக் கால் வெளியே வந்தது, அப்புறம் இன்னொன்று. சால்வையைத் தோளில் இழுத்துவிட்டுக்கொண்டு, தலையைக் கொஞ்சம் முன்னாலே நீட்டி நடந்து வந்தாள். பெனிஷா பார்த்தாள். தண்ணீர் டம்ளரை வாய்க்குக் கொண்டுபோனவள் அப்படியே கீழே வைத்துவிட்டாள். ஜெர்மேனின் முகத்தைத் திரும்பிப் பார்த்தாள். ஜெர்மேன் கண்ணாலேயே கெஞ்சினாள்.

சரிதா பந்தியில் மார்செலினுக்கு நேர் எதிரே உட்கார்ந்துவிட்டாள். மிக்கேல் பரிமாறிக்கொண்டே, இவங்கதான் மாப்ளயோட அம்மா, மார்செலின் அக்கா என்று அறிமுகம் செய்தான்.

சரிதாவுக்கு முகம் மலர்ந்தது. “உங்க பேரும் மார்செலினா? எங்க ஆபீசுல ஒரு பறவக்கி அந்தப் பேருங்க. ஆப்பிரிக்கா பறவ.”

மார்செலினுக்கும் சந்தோஷம்தான். “அப்புடியா? எப்புடி இருக்கும்? பாக்க லட்சணமா இருக்குமா?”

பெனிஷா மேசைக்கு அடியில் சரிதாவின் தொடையைக் கிள்ளினாள். சரிதா நகர்ந்து உட்கார்ந்தாள். தெரிந்ததைக் கேட்டால் சொல்ல வேண்டாமா? பாடம் ஒப்பிக்கிறது போலச் சொல்ல ஆரம்பித்தாள். “ஆளு ஒசரம் இருக்குங்க. மண்டையில மயிரு இருக்காது, அங்கங்க நாலு நீட்டிக்கினு இருக்கும். கழுத்துல பை மாதிரி ஒண்ணு தொங்கும். மொதுவுல கறுப்பு சால்வ போத்துனாப்புல...”

போர்வை என்றுதான் பாடம். சால்வை என்று வாயில் வந்த இடத்தில் அவளுக்கே ஏதோ தட்டியது. எதிரே இருந்த சால்வையைப் பார்த்தாள். கழுத்தைப் பார்த்தாள். கையில் பிசைந்திருந்த சோறு கையிலேயே நின்றது.

“நிறுத்தாதம்மா,” என்றாள் மார்செலின். “காலு எப்புடி?”

“வெள்ளையா இருக்குங்க.”

“எதுக்கு வெள்ள?”

சரிதா ஜெர்மேனைப் பார்த்தாள். ஜெர்மேன் ரசச் சொம்போடு நின்றாள்.

“அது மேலயே பேண்டுக்குங்க. சூட்டுக்கு.”

“இதெல்லாம் உனக்கு யாரு சொல்லிக்குடுத்தது?”

பொய் சொல்லத் தெரியாத பெண். “ஜெர்மேன் அக்காதாங்க,” என்றாள்.

மார்செலின் இலையை மூடினாள். பாதிச் சோறு உள்ளேயே இருந்தது. கை கழுவிக்கொண்டு வந்து, கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டினாள். சமையல்கட்டுப் பக்கம் போகவில்லை. வாசலில் செருப்பை மாட்டும்போது மிக்கேலிடம் மட்டும் சொன்னாள். “தம்பி, மூணாவது ஓலை வாசிக்க வேணாம்னு சாமியாருகிட்ட நானே சொல்லிக்கிறேன்.” ஜோசப் ஆனந்த் மெரினைப் பார்த்தபடியே அம்மாவின் பின்னால் போனான்.

அன்றைக்கு அந்த வீட்டில் சோறு மிஞ்சியது. அளந்து சமைத்தும் மிஞ்சியது.

மெரின் அம்மாவோடு பேச்சை நிறுத்தினாள். டியூட்டிக்குப் போனாள், வந்தாள், படுத்தாள். திட்டியிருந்தால் தேவலை. ஆபீசில் சரிதா அழுதுகொண்டே கையைப் பிடித்தாள். அவளைக் கோபித்து என்ன ஆகும்? பறவை மட்டும் அது பாட்டுக்குத் திரையில் வந்துகொண்டே இருந்தது, ஒரு படத்தில் ஒன்று, ஒரு படத்தில் கூட்டமாக. வரிசையில் எல்லோரும் அதன் பேரைச் சொல்லாமலே கட்டம் போட்டார்கள். ஜெர்மேனுக்கு இப்போது பிணத்தைப் பார்த்து வந்த குமட்டலைவிடப் பெரிய குமட்டல் வேறொன்றில் வந்தது. இத்தனை நாள் தான் சிரித்த சிரிப்பை நினைத்தால் சொந்த வாயையே கழுவ வேண்டும் போலிருந்தது. கழுவியும் பார்த்தாள். போகவில்லை.

மிக்கேல் ரெண்டு தரம் மார்செலின் வீட்டுக்கு நடந்தான். ரெண்டாம் தரம் ஒரு பதிலோடு வந்தான். சனிக்கிழமை சாயங்காலம் ஜெர்மேன் தனியாக வரட்டும், அவள் கையால் போடுகிறதைச் சாப்பிடட்டும், ஞாயிற்றுக்கிழமை ஓலை வாசிக்கட்டும் என்றாளாம்.

“என்னா போடுவாங்களாம்?”

மிக்கேல் தரையைப் பார்த்தான். “மிச்சக்கொழம்பு.”

ஜெர்மேன் வாயைப் பொத்திக்கொண்டாள். அத்தனை நாளைக்கு அப்புறம் மெரின் அப்போதுதான் வாயைத் திறந்தாள். “நல்லாத்தாம்மா இருக்கும்.”

“உனக்கு எப்புடித் தெரியும்?”

மெரினுக்குக் காது செவந்தது. மகள் அந்த வீட்டில் எத்தனை நாளாகச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறாள் என்று ஜெர்மேனுக்கு அப்போதுதான் விளங்கியது. அதையும் விழுங்கிக்கொண்டாள்.

சனிக்கிழமை மிக்கேல் ஸ்கூட்டரில் கொண்டுவந்து தெருமுனையில் இறக்கிவிட்டான். மார்செலின் வீட்டில் தரை துடைத்திருந்தது. சமையல்கட்டிலிருந்து வாடை வந்தது. புளித்ததும் கருகினதும் மசாலாவும் கொழுப்பும் கலந்த, பழசான வாடை. ஜெர்மேன் வாயால் மூச்சு விட்டாள்.

மார்செலின் அவளை நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு, எதிரே உட்கார்ந்து, குனிந்து காலுறையை உருட்டி உருட்டிக் கழற்றினாள். வெள்ளைத் துணி இறங்க இறங்க உள்ளேயிருந்த கால் வெளியே வந்தது. கறுத்த கால். மண்புழு மாதிரி நரம்புகள் முடிச்சு முடிச்சாகப் புடைத்திருந்தன. கணுக்காலுக்கு மேலே ஆறியும் ஆறாமலும் ஒரு புண், அதில் மஞ்சள் களிம்பு, களிம்பின் வாசனை.

“நல்லாப் பாரு. அடையாளம் புடிக்கிறவதான நீ?”

ஜெர்மேன் பார்த்தாள். தலையைத் திருப்பத்தான் கழுத்து துடித்தது. அவள் திருப்பவில்லை.

“பாரீசுல ஆஸ்பத்திரியில மாடிப்படி தொடச்ச காலு இது. டாக்டரு இத போட்டுக்கினாதான் நடப்பேன்னான். போட்டுக்கினேன். நீ என்னான்னு நெனச்ச?”

“ஒண்ணும் நெனைக்கல அண்ணி. வாயி.”

“வாயிதான்,” என்றாள் மார்செலின். காலுறையைத் திரும்ப ஏற்றினாள். களிம்பு பட்ட விரலைப் புடவையில் துடைத்தாள். துடைத்தாள், கழுவவில்லை. அதை ஜெர்மேன் பார்த்தாள், அவள் பார்த்ததை மார்செலினும் பார்த்தாள். அந்தக் கையாலேயே சட்டியைத் தூக்கி வந்து சோறு போட்டு ஊற்றினாள்.

குழம்பு கறுப்பும் பழுப்புமாக இருந்தது. அதில் ஒரு முருங்கைக்காய்த் துண்டு இருந்தது, ஒரு கோழிக் கழுத்து இருந்தது, என்னவென்று சொல்ல முடியாதது ஒன்று இழையிழையாக இருந்தது. மேலே எண்ணெய் வட்டம் வட்டமாக மிதந்தது. எந்தப் பந்தியில் யார் இலைக்கு வைக்க எடுத்த கரண்டியிலிருந்து வந்ததோ என்று மனசு கேட்டது. முதல் கவளம் தொண்டைக்குப் போய் நின்றது. திரும்பி வரப் பார்த்தது. மெரின் சுவரைப் பார்த்தபடி நின்ற அந்த முகத்தை நினைத்து அழுத்தி இறக்கினாள். மார்செலின் கையைக் கட்டிக்கொண்டு, தலையைச் சாய்த்து, பக்கத்திலேயே நின்று பார்த்தாள்.

“எங்க பக்கத்துல ஒன்ன என்னா சொல்லிக் கூப்புடுவாங்கன்னு தெரியுமா?”

ஜெர்மேன் தட்டிலிருந்து நிமிர்ந்தாள். “தெரியாது அண்ணி.”

“தெரிய வேணாம். நான் சொல்ல மாட்டேன்,” என்றாள் மார்செலின். “சாப்புடு.”

அந்த மிச்சக்குழம்பையெல்லாம் விட இதுதான் ஜெர்மேனுக்கு இறங்கவில்லை. என்ன பேராக இருக்கும் என்று யோசித்துக்கொண்டே சாப்பிட்டாள். மூக்கை வைத்தா? கையை வைத்தா? கழுவிக் கழுவி வெளுத்துப்போன விரல்களை வைத்தா? யோசனையில் தட்டு காலியாகிவிட்டது.

“எப்புடி இருக்கு?”

வேறு என்ன சொல்வது? “நல்லாருக்கு அண்ணி,” என்றாள். மார்செலின் இன்னொரு கரண்டி ஊற்றினாள்.

திரும்பி வரும்போது அரியாங்குப்பம் ஆற்றுப் பாலத்தில் வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கினாள். கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றாள். மிக்கேல் முதுகைத் தடவ வந்தான். வேண்டாம் என்று கையைக் காட்டினாள். வாந்தி எடுத்துவிட்டால் சாப்பிட்டது செல்லாது என்று அவளுக்கு ஒரு பயம். ஓலை வாசிக்கிறவரைக்கும் உள்ளேயே இருக்கட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்று, ஆற்றுச் சேற்று நாற்றத்தையும் சேர்த்து விழுங்கிவிட்டு, வண்டியில் ஏறினாள்.

ஞாயிற்றுக்கிழமை பூசையில் மார்செலின் முதலியார்பேட்டையிலிருந்து வந்து அவளுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்தாள். சாமியார் மூன்றாம் ஓலையை வாசித்தார். தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று நிறுத்தினார். மார்செலின் தொண்டையைச் செருமினாள். ஜெர்மேன் சட்டென்று அவள் பக்கம் திரும்பினாள். செருமல் வெறும் செருமல்தான். சாமியார் அடுத்த அறிவிப்புக்குப் போய்விட்டார். பெண்கள் பக்கத்து முன்வரிசையில் மெரினின் தோள் இறங்கியது பின்னாலிருந்தே தெரிந்தது.

பூசை முடிந்து வெளியே மெரினும் ஜோசப் ஆனந்தும் மாதா சிலை வைத்த கெபி பக்கம் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். மெரின் அங்கிருந்தே அம்மாவைப் பார்த்துச் சிரித்தாள். மார்செலின் ஆட்டோவுக்குப் போய்த் திரும்பி வந்தாள். கையில் எவர்சில்வர் தூக்கு. மூடியோரம் எண்ணெய் வழிந்து பழுப்பாக ஒட்டியிருந்தது.

“நேத்து நல்லாருக்குன்னியே. காலையில சுட வச்சேன். வாரா வாரம் குடுத்தனுப்புறேன், சம்பந்திக்கு இதுகூட செய்யலன்னா எப்புடி?”

அவள் முகத்தில் சிரிப்பு இருந்ததா இல்லையா என்று ஜெர்மேனால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. தூக்கு சூடாக இருந்தது. வாயால் மூச்சு விட்டுக்கொண்டு ரெண்டு கையாலும் வாங்கினாள்.

“அடுத்த வாட்டி கொஞ்சம் காரம் சேத்துக்குங்க அண்ணி,” என்றாள்.